ராஜ்தூத் 350: இடது சிலிண்டரில் காற்று புகுந்த இடம்

என்னிடம் இருக்கும் ராஜ்தூத் 350, இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்; ஆர்டி வண்டிக்காரர்கள் ஹெச்.டி. என்று சொல்லும் ஹை டார்க் (அதிக முறுக்குவிசை) வகையைச் சேர்ந்தது. ஜப்பானில் 1973-இல் வெளிவந்த யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று 1983-இல் ஃபரிதாபாத்தில் தயாரிக்கத் தொடங்கியபோது, முன் சக்கரத்தின் டிஸ்க் பிரேக் டிரம் பிரேக்காக மாறியது. 39 குதிரைத்திறன் 30.5 ஆகக் குறைந்தது. பின்னால் வந்த எல்.டி. (லோ டார்க்) வகையில் அது 27 தான். அன்றைய புல்லட் 350-இன் 18 குதிரைத்திறனோடு ஒப்பிட்டால், இந்தக் குறைக்கப்பட்ட வண்டியும் எவ்வளவு முரட்டுத்தனமானது என்பது விளங்கும்.

நான் வாங்கியபோது அது பதினொரு ஆண்டுகள் கொட்டகையில் நின்றிருந்தது. கார்புரேட்டர்களைக் கழுவி, புது பிளக்குகள் போட்டவுடன் நான்காவது உதையிலேயே உயிர் வந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில்தான் ஏமாந்தேன். நானூறு கிலோமீட்டர்கூட ஓடாத நிலையில், ஓமலூர் சாலையில் எண்பதில் போய்க்கொண்டிருந்தபோது இடது பிஸ்டன் சீஸ் ஆகி (சிலிண்டரோடு இறுகிப் பிடித்து) பின்சக்கரமும் இறுகியது. கை தானாகக் கிளட்ச்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். பட்டறையில் ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைச் சற்றுக் குடைந்து அகலமாக்கி, 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் அதே பக்கம் மீண்டும் பிடித்துக்கொள்ளவே, அடுத்த அளவான 0.50-க்குப் போனோம். "ஆயில் பத்தலை, பம்ப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுங்கள்" என்பது அங்கே கிடைத்த அறிவுரை; இன்ஜினுக்குள் ஆயிலைத் தனியாகச் செலுத்தும் பம்ப்பைத்தான் சொன்னார்கள், அப்படியே கழற்றியும் விட்டோம். ஆயில் பற்றவில்லை என்றால் வலது பிஸ்டன் மட்டும் ஏன் பளபளவென்று இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் கேட்கவில்லை.

விடை பிளக்கிலேயே இருந்தது. வலது பிளக்கின் பீங்கான் காபிப்பொடி நிறத்தில் இருக்க, இடதில் அது சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் அறையும் ஒரு பம்ப்பாக வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது அங்கே வெற்றிடம் உண்டாகி, ரீடு வால்வு என்ற ஒருவழித் தகடு வழியாகப் பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வருகிறது. கிராங்க்கின் முனையில் இருக்கும் ஆயில் சீல், பல ஆண்டுகள் சும்மா நின்றதில் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தால், அதன் விளிம்பு வழியாகவும் வெறும் காற்று நுழைந்துவிடும். கலவையில் பெட்ரோல் குறைய, சூடு ஏறி, பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். இந்த வண்டியில் வலப்பக்கச் சீலுக்கு வெளியே கிளட்ச்சும் கியர் ஆயிலும் இருப்பதால், அது கெட்டால் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இடப்பக்கம் ஆல்டர்னேட்டர் இருக்கும் உலர்ந்த பகுதி. அங்கே கசிந்தால் புகையும் வராது, எச்சரிக்கையும் இருக்காது.

இதை உறுதிசெய்யப் பயன்பட்டது பழைய ரத்த அழுத்தக் கருவி. சைலன்சர்களையும் கார்புரேட்டர்களையும் கழற்றி, இரு பக்கத்துத் துளைகளையும் ரப்பர் தகடு வைத்து இறுக்கி அடைத்தேன் (இரு கிராங்க் அறைகளுக்கும் நடுவிலுள்ள லாபிரிந்த் சீல் முழுமையாகக் காற்றைத் தடுக்காது என்பதால் ஒரு பக்கத்தை மட்டும் அடைத்துப் பயனில்லை). பிறகு ஒரு குழாய் வழியாகப் பல்பை அமுக்கி முள்ளை 300-க்கு ஏற்றினேன். அது ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. அழுத்தம், அதற்கு மேல் போனால் நல்ல சீலும் பிதுங்கக்கூடும். நல்ல இன்ஜினில் முள் சில நிமிடங்களாவது அசையாமல் நிற்க வேண்டும். எனக்கு அரை நிமிடத்தில் சரிந்துவிட்டது. ஆல்டர்னேட்டரைக் கழற்றிச் சோப்பு நீரைத் தடவியதும், சீலின் அடிப்பகுதியில் கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. இரண்டு ரீபோருக்குச் செலவழித்த பணம் அந்தக் குமிழ்களாகத்தான் போயிருக்கிறது.

இன்ஜினை இறக்கிப் பிரித்து எல்லாச் சீல்களையும் மாற்றினோம். அப்போதே ஆயில் பம்ப்பையும் திரும்பப் பொருத்தச் சொன்னேன். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் த்ராட்டிலை மூடி, கியரிலேயே வண்டியைக் கட்டுப்படுத்தி இறங்கும்போது, கலந்து ஊற்றிய வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுபோகிறது. யமஹாவின் ஆட்டோலூப் பம்ப்போ த்ராட்டிலைப் பார்ப்பதோடு இன்ஜின் சுற்றும் வேகத்துக்கும் ஏற்ப ஆயில் தருவதால், மூடிய நிலையிலும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரே நிபந்தனை, குழாயில் காற்று தங்கக் கூடாது. பம்ப்பின் பக்கத்தில் உள்ள சிறு சக்கரத்தைக் குமிழ் வருவது நிற்கும்வரை கையால் சுற்ற வேண்டும். விரல் நோகும், ஆனால் பாதியில் விடக் கூடாது.

மற்றவை வழக்கமான வேலைகள். பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்ட் இரு சிலிண்டருக்கும் தனித்தனியாக இருப்பதால், பிளக் துளையில் டயல் கேஜ் என்ற அளவுமானியை வைத்து, பிஸ்டன் உச்சியை எட்ட 2 மி.மீ. இருக்கும்போதே பொறி விழுமாறு ஒவ்வொன்றையும் சரிசெய்கிறேன். கண்ணால் பார்த்தே வைத்துவிடலாம் என்பவர்களிடம் நான் வண்டியைத் தருவதில்லை.

சென்ற மாதம் மீண்டும் பல்பை அமுக்கிப் பார்த்தேன். ஆறு நிமிடத்தில் முள் 300-லிருந்து 290-க்கு வந்திருந்தது. தேதியோடு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்; இடது பிளக்கும் இப்போது காபிப்பொடி நிறத்துக்கு வந்துவிட்டது.