சில்வியா குறிப்புகள்: நுங்கம்பாக்கத்தில் அகப்பட்ட ஒரு கரிக்கல்

மே 9

கொஞ்ச நாளாக 87 சில்வியாவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், கிடைப்பதை அவ்வப்போது இங்கே எழுதி வைக்கிறேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கும் சிறுகோள் பட்டையின் வெளி ஓரத்தில், பூமியைவிட மூன்றரை மடங்கு தூரத்தில் சூரியனைச் சுற்றும் பெரிய கல் இது. ஒரு சுற்றுக்கு ஆறரை வருஷம். சராசரி விட்டம் 270 கிமீ போல வரும், ஆனால் உருண்டை இல்லை, நீண்டு கிடக்கிறது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு 5 மணி 11 நிமிஷத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது.

என்னை இதில் இழுத்துவிட்டது இந்தக் கணக்குகள் இல்லை. இதை முதலில் பார்த்த இடம் மெட்ராஸ். 1866 மே 16, நுங்கம்பாக்கம் வானாய்வகம்.

மே 11

பார்த்தவர் நார்மன் போக்சன். 1861இல் அரசு வானியலாளராக மெட்ராஸுக்கு வந்தவர், 1891இல் இங்கேயே இறந்துபோனார். வந்த வருஷமே ஏப்ரலில் ஒரு சிறுகோளைப் பிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். அப்புறம் 1864இல் சாஃபோ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா, ரொம்ப நாள் கழித்து 1885இல் வேரா.

எப்படித் தேடினார் என்பதை யோசித்தால்தான் தலை சுற்றுகிறது. சிறுகோள் தேட்டத்துக்குப் புகைப்படத் தட்டு வந்தது 1891 டிசம்பரில், மாக்ஸ் வோல்ஃப் கையில், அதாவது போக்சன் போய் ஆறு மாதம் கழித்து. அதற்கு முன்னால் எல்லாம் கண்தான். வானத்தின் ஒரு துண்டை எடுத்து, அதில் இருக்கும் நட்சத்திரங்களை எல்லாம் வரைபடத்தில் குறித்து, மறுபடி மறுபடி அதே துண்டைப் பார்த்து, வரைபடத்தில் இல்லாத புள்ளி எது, அது நகர்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். அந்த வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரிதான் 1867இல் ஆர் ரெட்டிகுலி என்கிற, வெளிச்சம் கூடிக் குறையும் மாறொளி நட்சத்திரத்தைக் கண்டவர். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

நட்சத்திரங்களின் ஒளியளவைக் கணக்கிட இன்று நாம் வைத்திருக்கும் அளவுகோலே போக்சன் 1856இல் முன்வைத்ததுதான்: ஐந்து படி இறங்கினால் 100 மடங்கு மங்கல். வெறுங்கண்ணுக்கு எட்டும் கடைசிப் படி 6. சில்வியா நன்றாகத் தெரிகிற காலத்திலேயே 12 பக்கம்தான் இருக்கும். 250 மடங்கு மங்கல்! இன்றைய சென்னையில் மொட்டை மாடிக்குப் போனால் தெருவிளக்கு வெளிச்சத்தில் 4ஆம் படிக்கே திண்டாட்டம்.

மே 12, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை, புழுக்கம். ஒரு விஷயத்தை எழுதி முடித்துவிடுகிறேன். போக்சனுக்குக் கிடைத்தது வெறும் ஒளிப்புள்ளி. அது எவ்வளவு பெரிசு என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது, ஏனென்றால் வெளுப்பான சின்னக் கல்லும் கறுப்பான பெரிய கல்லும் தூரத்திலிருந்து ஒரே அளவு மினுங்கும். இந்தச் சிக்கலை அவிழ்த்தது அகச்சிவப்புக் கதிர். கறுப்பான கல் வெயிலை விழுங்கிச் சூடாகும், அந்தச் சூட்டை அளந்தால் உண்மையான பருமன் தெரிந்துவிடும். 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் இப்படி அளந்தபோது சில்வியா தன்மேல் விழும் ஒளியில் 100க்கு 4 பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது என்று தெரிந்தது. புதிதாகத் தார் போட்ட ரோடு மாதிரி. ரோடு மாதிரி இருக்கும் ஒன்றை, இருட்டு வானத்தில், கண்ணால்!

மே 16

இன்றைக்குத்தான் அந்தத் தேதி. யாரும் கொண்டாடியதாகத் தெரியவில்லை.

நிலாக்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2001 பிப்ரவரியில் ஹவாயில் இருக்கும் கெக் தொலைநோக்கி வழியாக மைக் பிரவுனும் ஜான்-லூக் மார்கோவும் சில்வியாவுக்கு ஒரு துணைக்கோள் இருப்பதைப் பார்த்தார்கள். 2004இல் சிலியில் எடுத்த படங்களில் ஃபிராங்க் மார்ஷி குழுவுக்கு இன்னொன்றும் மாட்டியது, அதை 2005இல் அறிவித்தார்கள். இரண்டு நிலா வைத்திருக்கும் சிறுகோள் என்று முதலில் தெரியவந்தது இதுதான். பெயர்கள் ரோமுலஸ், ரேமஸ். ரோமாபுரிக் கதையில் ரேயா சில்வியாவின் இரட்டைப் பிள்ளைகள். காற்றின் நடுக்கத்தை அந்தந்த நொடியே கண்ணாடியை வளைத்துச் சரிசெய்யும் தொழில்நுட்பம் வந்த பிறகுதான் தரையிலிருந்து இது சாத்தியமானது. போக்சன் பார்த்த புள்ளிக்குள் மூன்று பொருள் இருந்தது தெரிய 139 வருஷம்.

மே 18

அக்கா மகன் பிளஸ் டூ. "நிலா இருந்தா என்ன மாமா, இல்லாட்டி என்ன?" என்று கேட்டான். சரி, கால்குலேட்டரை எடு என்றேன்.

ரோமுலஸ் சுமார் 1,357 கிமீ தள்ளி, 3.65 நாளுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. இந்த இரண்டு எண் போதும், சுற்றும் தூரத்தையும் நேரத்தையும் இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதியை நியூட்டன் எழுதிய வடிவத்தில் போட்டால் நடுவில் இருப்பதன் நிறை வந்துவிடும். தூரத்தை மீட்டராக மாற்ற மறந்து முதலில் ஏதோ ஒரு குட்டி எண்ணைக் கொண்டுவந்தான், அடுத்த தடவை சரியாக வந்தது: சுமார் 1.5 × 10^19 கிலோ. விட்டத்தை வைத்துக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி, ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.4 கிராம். தண்ணீர் 1, கருங்கல் 2.7. அவ்வளவு பெரிய மலைக்குக் கருங்கல்லில் பாதி கனம்தான். உள்ளே பனி இருக்க வேண்டும், வெற்றிடமும் இருக்க வேண்டும், உடைந்த துண்டுகள் தம் ஈர்ப்பாலேயே ஒட்டிக் கிடப்பதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2021இல் பெனுவா காரி குழுவின் ஆய்வு இன்னும் ஒரு படி போய், நடுவில் அடர்த்தியான பகுதி, சுற்றிலும் லேசான பகுதி என்று இரண்டு அடுக்கு இருக்கலாம் என்கிறது.

கருங்கல் என்றதும் ஞாபகம் வருகிறது, அந்த வானாய்வகத்தில் கருவியைத் தாங்கிய பத்து டன் தூண் ஒன்று இப்போதும் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1792ஆம் வருஷத்தது. அதில் தமிழ், தெலுங்கு எழுத்தெல்லாம் வெட்டியிருக்கும்.

மே 21

கமில்லாவைப் படித்தேன். எனக்கு இதுதான் சில்வியாவைவிடப் பெரிய ஆச்சரியம். போக்சன் 1868 நவம்பரில் அதே நுங்கம்பாக்கத்தில் கண்டது, அதே வெளி ஓரம், கிட்டத்தட்ட அதே தூரம், அதே கறுப்பு, அடர்த்தியும் ஏறக்குறைய அதே. அதற்கும் 2001இல் ஹப்பிள் வழியாக ஒரு நிலா கிடைத்தது, 2016இல் இரண்டாவது நிலாவை அறிவித்தார்கள்! தற்செயல்தான், அந்த ஓரத்தில் பெரிய கற்களே குறைவு, கண்ணுக்கு அகப்படக் கூடியவை இன்னும் குறைவு. ஆனாலும் நம் பள்ளிப் புத்தகங்கள் இந்த ஜோடிக்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

மே 24

இரண்டு கல்லுக்கும் பக்கத்தில் இதுவரை எந்த விண்கலமும் போனதில்லை. ஆனால் நம்மைப் போன்றவர்கள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. சிறுகோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும்போது பூமியில் அதன் நிழல் ஓடும். நிழலின் பாதையில் பல பேர் நின்று, நட்சத்திரம் எப்போது அணைந்தது, எப்போது திரும்பியது என்று நேரம் குறித்தால் கல்லின் உருவம் வெட்டி எடுத்தது போல் கிடைக்கும். 2013 ஜனவரி 6 அன்று ஐரோப்பாவில் அமெச்சூர்கள் பலர் சேர்ந்து சில்வியாவுக்கு இதைச் செய்தார்கள். சிலருக்கு ரோமுலஸின் நிழலே கிடைத்தது, அதுவும் நீளவாக்கில்தான் இருக்கிறது என்று தெரிந்தது.

தென்னிந்தியா மேல் நிழல் விழும் முன்கணிப்பு ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வந்தால் ஏலகிரிப் பக்கம் போகலாம் என்று நண்பர்களிடம் சொல்லியாயிற்று, ஜிபிஎஸ் நேரம் பதிக்கும் கேமரா யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.