டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தது

நெட்வொர்க் லேபில் பிள்ளைகள் கையால் செய்யும் முதல் வேலை கேபிள் அடிப்பது, அதாவது நெட்வொர்க் கேபிளின் இரு முனையிலும் கனெக்டர் மாட்டுவது. லேப் கையேட்டில் அதற்கு அரைப் பக்கம்தான். உறையை உரி, நிற வரிசையில் அடுக்கு, கனெக்டரில் சொருகு, கிரிம்ப் செய் (டூலால் அழுத்தி இறுக்கு), டெஸ்டரில் பார். படித்தால் கால் மணி நேர வேலை மாதிரி இருக்கும். இரண்டாம் ஆண்டு டிப்ளமோ பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் அந்த அரைப் பக்கத்தில் எவ்வளவு விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும்.

முதல் சிக்கல் பெட்டியிலேயே வந்தது. பயிற்சிக்கென்று 305 மீட்டர் கேபிள் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மேலே கேபிளின் தரம் கேட் 5இ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. தூக்கும்போதே இலேசாக இருந்ததால் சந்தேகம் வந்து, ஒரு கம்பியின் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு பிளேடால் சுரண்டினேன். மேல் பூச்சு போனதும் உள்ளே வெள்ளையாக மின்னியது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கம்பி. முன்னும் பின்னும் நாலைந்து முறை வளைத்தாலே ஒடிந்துவிடும். சுவருக்குள் இழுக்கவோ, கேமராவுக்கு மின்சாரத்தையும் இதே கேபிளில் கொடுக்கவோ இது ஆகாது. கையைப் பழக்கப் போதும் என்று வைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கும் அந்தச் சுரண்டலைச் செய்து காட்டினேன். நாளைக்கு வேலைக்குப் போய் கேபிள் வாங்கப் போகிறவர்கள் அவர்கள்தானே.

உறை உரிப்பதில் பாதிப் பேர் உள்ளே இருக்கும் கம்பியையும் சேர்த்துக் கீறிவிட்டார்கள். கிரிம்பிங் டூலின் பிளேடை அழுத்திச் சுற்றினால் அப்படித்தான் ஆகும். உறை மேல் இலேசாக ஒரு கோடு போட்டுவிட்டு அந்த இடத்தில் மடக்கினால் போதும், தானே விண்டுகொள்ளும். இதைச் சொல்லித் திரும்பினால் பின் பெஞ்சில் ஒருவன் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்தது நிறம். உள்ளே எட்டுக் கம்பிகள், ஒரு நிறமும் ஒரு வெள்ளையுமாக இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். மலிவான கேபிளில் வெள்ளைக் கம்பிகளில் நிறக் கோடே இருக்காது, நான்கும் வெறும் வெள்ளை. எல்லா முறுக்கையும் ஒரே நேரத்தில் பிரித்துவிட்டால் எது எதன் ஜோடி என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் ஒரு விதி வைத்தேன்: முறுக்கு முறுக்காகவே நான்கு ஜோடியையும் விரித்து வை, பிறகு ஒன்றைப் பிரித்து இடத்தில் வைத்த பின்புதான் அடுத்ததைத் தொடு. வகுப்பில் ஒருவனுக்குப் பச்சையும் பிரவுனும் ஒரே மாதிரிதான் தெரிகிறது என்பது இந்தச் சமயத்தில்தான் வெளியே வந்தது. அதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். பக்கத்தில் இருப்பவனிடம் ஒரே ஒரு முறை கேட்டுக்கொண்டு, பிரவுன் ஜோடியின் நுனியில் சின்னதாக முடிச்சுப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனே கண்டுபிடித்த வழி.

கனெக்டருக்குள் சொருகுவதில்தான் அதிகம் வீணானது. ஒரு முறை கிரிம்ப் செய்த கனெக்டரைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, வெட்டி எறிய வேண்டியதுதான். பிரித்த கம்பி 13 மில்லிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் வெளி உறை கனெக்டருக்கு வெளியே நின்றுவிடும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உறையைப் பிடிக்காமல் கம்பிகளை மட்டும் பிடிக்கும், ஒரு இழுப்பில் கையோடு வந்துவிடும். ஒரே சமமாக வெட்டாமல் சாய்த்து வெட்டினால் ஓரத்துப் பிரவுன் கம்பி முனைவரை போய்ச் சேராது. கிரிம்ப் செய்யும் முன் கனெக்டரின் முன்பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன், எட்டுக் கம்பியின் நுனியும் தெரிய வேண்டும். "ஒவ்வொரு கம்பியோட பிளாஸ்டிக்கையும் உரிக்கணுமா சார்?" என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். வேண்டாம். அழுத்தும்போது கனெக்டரின் தகடுகளில் இருக்கும் பல்லே பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டு செம்பைத் தொட்டுவிடும்.

இதெல்லாம் கைப்பழக்கம், நாலு கனெக்டர் வீணானால் வந்துவிடும். வகுப்பு உண்மையிலேயே சூடுபிடித்தது ஒரு மாணவி எழுந்து நின்று வாதாடியபோதுதான்.

அவள் கேபிள் பார்க்க அழகாக இருந்தது. உறை சரியாக உள்ளே போயிருந்தது, டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இரு பக்கமும் எரிந்தன. ஆனால் வரிசை வேறு.

"என்னம்மா வரிசை இது?"

"வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பிரவுன், பிரவுன். ஜோடி ஜோடியா வச்சேன் சார். ரெண்டு முனையும் ஒரே மாதிரிதான் இருக்கு. டெஸ்டரே ஓகேங்குது, அப்புறம் என்ன தப்பு?"

இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே மாட்டினோம். பிங் போனது, ஒன்றிலிருந்து அனுப்பிய சோதனைச் செய்திக்கு மற்றதிலிருந்து பதில் வந்தது. வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது. 'ஸ்டாண்டர்டு அப்படித்தான் சொல்கிறது' என்று வாயை அடைத்திருக்கலாம், ஆனால் அது பதில் இல்லை.

கட்டடத்துக்கு வயரிங் செய்தபோது மிஞ்சிய நல்ல செம்புக் கேபிள் சுருள் ஒன்று அலமாரியில் கிடந்தது, 60 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். உறையிலேயே மீட்டர் எண் அச்சிட்டிருப்பதால் அளக்கும் வேலையில்லை. அதன் இரு முனையிலும் அவளையே அவள் வரிசையில் அடிக்கச் சொன்னேன். டெஸ்டரில் எட்டும் எரிந்தன. கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் மாட்டியதும் விளக்கு வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்யப் போட்டோம், நகரவே இல்லை. ஸ்விட்ச்சுக்குள் நுழைந்து அந்த போர்ட்டின் கணக்கைப் பார்த்தால் சிஆர்சி பிழை எண்ணிக்கை, அதாவது கெட்டுப்போய் வந்து சேர்ந்த தகவல் துண்டுகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே இருந்தது. பிறகு இரு முனையையும் வெட்டிவிட்டு, அதே சுருளில் ஸ்டாண்டர்டு சொல்லும் 568பி வரிசையில் அடித்தோம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ஃபைல் சரசரவென்று போய்விட்டது.

இனி போர்டில் எழுதினால் கேட்பார்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் தகவல் போவது 1, 2 ஒரு ஜோடி, 3, 6 இன்னொரு ஜோடி. அவள் வரிசையில் 3இல் வெள்ளைப் பச்சை இருக்கிறது, 6இல் நீலம் இருக்கிறது. ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரண்டு கம்பிகள். கம்பியை முறுக்குவதே எதற்கு? வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஜோடியின் இரு கம்பியிலும் ஏறக்குறைய சமமாக விழும். வாங்கும் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் அடிபட்டுப் போகும். ஜோடி கலைந்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும், பக்கத்து ஜோடியில் போவதும் இதில் ஏறிவிடும். கேபிள் குட்டையாக இருந்தால் தாக்குப்பிடிக்கும், நீளம் கூடக் கூடத் தாங்காது. நம் டெஸ்டர் பாவம், ஒவ்வொரு கம்பியிலும் ஒரு சைகையை அனுப்பி மறுமுனையில் வந்ததா, இடம் மாறி வந்ததா என்று மட்டும்தான் பார்க்கிறது. எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வேறு வகை டெஸ்டர் வேண்டும்.

அவள் விடவில்லை. "அப்போ ஏன் சார் பச்சையை 3, 6ன்னு பிரிச்சு வச்சாங்க? 3, 4லேயே வச்சிருந்தா எல்லாருக்கும் சுலபம்தானே?" அருமையான கேள்வி. பதில் டெலிபோனில் இருக்கிறது. போன் ஜாக்கில் நடு இரண்டு கம்பி முதல் லைன், அதைச் சுற்றி வெளிப்பக்கம் இருக்கும் இரண்டும் அடுத்த லைன். அமெரிக்காவில் கட்டட வயரிங்குக்கான 568 ஸ்டாண்டர்டு 1991இல் வந்தபோது, சுவரில் இருக்கும் ஒரே சாக்கெட் போனுக்கும் உதவ வேண்டும் என்பதால் நடுவே 4, 5இல் நீலத்தை வைத்து, அதற்கு இரு பக்கமும் இன்னொரு ஜோடியைப் பிரித்து வைத்தார்கள். இந்தப் பிள்ளைகள் வீட்டில் லேண்ட்லைனே பார்த்ததில்லை. இன்டர்காம் போனின் பிளக்கைக் கழற்றி, கழித்துப்போட்ட பழைய ஸ்விட்ச்சின் துளையில் வைத்துக் காட்டினேன், நட்டநடுவில் உட்கார்ந்தது. நல்ல ஸ்விட்ச்சில் இதைச் செய்யாதீர்கள், ஓரத்து ஊசிகள் வளைந்துவிடும்.

ஒரே மாதிரியான இரண்டு கருவிகளை நேரடியாக இணைக்கும் கிராஸ் ஓவர் கேபிளும் அடித்தோம், ஒரு முனை 568ஏ (ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறிய வரிசை), மறுமுனை 568பி. இன்றைய ஸ்விட்ச்சுகள் அனுப்பும் ஜோடியையும் வாங்கும் ஜோடியையும் தாமாகவே மாற்றிக்கொள்வதால் வெளியே அதற்கு வேலை குறைவு. பரீட்சையில் கேட்பார்கள், அவ்வளவுதான்.

மதிப்பெண் போடும் முறையையும் மாற்றிவிட்டேன். டெஸ்டரில் எட்டும் எரிந்தால் பாதிதான். கேபிளை இழுத்துப் பார்ப்பேன், உறை உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பேன், பச்சை ஏன் பிரிந்திருக்கிறது என்று கேட்பேன். இந்தக் கடைசிக் கேள்விக்கு மனப்பாடம் செய்தவர்கள் திணறினார்கள். பல்லால் கடித்தவன் கைவிரலிலேயே ஜோடி போட்டு விளக்கினான்.

அடுத்த செமஸ்டருக்கு சுவர்ப் பெட்டியில் பொருத்தும் கீஸ்டோன் ஜாக்கும், அதில் கம்பியை அழுத்தி இறக்கும் பஞ்ச் டவுன் டூலும் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சுவருக்குள் போகும் கேபிள் ஒழுங்கான வயரிங்கில் கனெக்டரில் முடியாது, ஜாக்கிலும், ஜாக்குகள் வரிசையாக இருக்கும் பேட்ச் பேனலிலும்தான் முடியும். 90 மீட்டர் வரை சுவருக்குள், இரு பக்கமும் சேர்த்து பேட்ச் கார்டு எனும் குட்டை இணைப்புக் கேபிள்களுக்கு 10 மீட்டர், மொத்தம் 100. எங்கள் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அனுமதி இன்னும் வரவில்லை. வராவிட்டால் பழைய கட்டடத்தில் கழற்றிப் போட்ட சுவர்ப் பெட்டிகள் இருக்கின்றன, அவற்றைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.