புல்லை வேரோடு கொண்டு போங்கள்

மேலூர் பக்கம் கடைமடையில் ஒரு ஏக்கர் நெல். இந்தப் போகம் ஒரு புல்லுக்காக நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. எரிச்சல் அடங்குமுன் எழுதிவிடுகிறேன்.

ஆரம்பத் தப்பு என்னுடையதுதான். களை முளைக்காமல் தடுக்க நட்ட 3-ஆம் நாள் போட வேண்டிய பிரெட்டிலாகுளோர் மருந்தை விட்டுவிட்டேன். முறைத்தண்ணீர் தள்ளிப்போனது, தண்ணீர் நிற்காத வயலில் அதைப் போட்டும் பிரயோசனமில்லை.

18-ஆம் நாள் பார்த்தால் பயிரோடு பயிராகப் புல். நுனியைக் கிள்ளிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்தப் புல்லா இருந்தாலும் கருகிரும்ணே" என்று பிஸ்பைரிபேக் சோடியம் என்ற களைக்கொல்லி 100 மில்லியை எடுத்து வைத்தார். தண்ணீரை வடித்து அடித்தேன், மூன்றாம் நாள் திரும்பக் கட்டினேன். அதில் குறையில்லை. பத்து நாளில் பாதிப் புல் பழுத்துச் செத்தது. மீதிப் பாதி நெல்லுக்கு மேலே தலையை நீட்டியது.

திரும்பக் கடைக்குப் போனால், "நீங்க டோஸைக் குறைச்சிருப்பீங்க, இன்னொரு பாட்டில் அடிங்க" என்கிறார். என் கையில் பில் இல்லை, துண்டுச் சீட்டுதான். சண்டை போட வாயில்லை. பில் கேட்டு வாங்குங்கள். நல்லவேளை, இரண்டாவது பாட்டிலை வாங்கவில்லை.

ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் கேட்கலாம் என்று கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை என்ற நினைப்பே இல்லை. மறுநாள் அரிவாளால் அறுத்த ஒரு பிடியோடு போய் நின்றேன். "வேர் எங்கே? இலை தண்டைச் சேர்கிற இடம் எங்கே?" என்றார் அங்கிருந்தவர். ஒரு பஸ் செலவு வீண். அதற்கடுத்த நாள் ஈரச் சாக்கில் சேறோடு பிடுங்கிய நாலு தூர், கூடவே ஒரு நெல் தூர்.

அவர் நகத்தால் இலையை மெல்ல விலக்கிக் காட்டினார். நெல்லில் அந்த இடத்தில் வெள்ளையாக, காகிதம் போல மெல்லிய ஒரு நாக்கு; இருபுறமும் மயிர் முளைத்த இரண்டு காது. குதிரைவாலிப் புல்லில் இரண்டுமே கிடையாது, மொட்டை. அதுதான் என் வயலில் செத்த பாதி. பிழைத்த பாதிக்குக் காது இல்லை, கிழிந்த ஓரம் போலச் சின்ன நாக்கு மட்டும் உண்டு. பெயர் லெப்டோகுளோவா. நான் அடித்த மருந்து அதைச் சரியாகப் பிடிக்காதாம். சைஹாலோஃபாப் பியூட்டைல் என்ற வேறொரு களைக்கொல்லி பிடிக்கும், ஆனால் புல் இரண்டு முதல் நான்கு இலையில் இருக்கும்போது. என்னுடையதோ பூக்கிற தறுவாய்.

அப்புறம் என்ன, கைக்களைதான். நூறு நாள் வேலை நடந்த வாரம், எட்டுப் பேரைத் திரட்டவே மூன்று நாள். வந்தவர்களில் மூத்த பெரியம்மாவிடம் நாக்கு, காது என்று பாடம் எடுக்கப் போனேன். "நெல்லு கையில சொரசொரங்கும், இது வழவழங்கும். போப்பா அங்கிட்டு" என்று குனிந்துவிட்டார்.

பறித்ததை வரப்பில் போடாதீர்கள். பால் பிடிக்குமுன் பறித்ததால் நான் மாட்டுக்குப் போட்டேன். விதை முற்றியிருந்தால் சாணத்தோடு வயலுக்கே திரும்பி வந்திருக்கும்.

இப்போது நெல் கதிர் வாங்கிவிட்டது. மேற்கு வரப்போரம் நாலு தூர் தப்பியிருக்கிறது, காலையில் போய்ப் பிடுங்க வேண்டும்.