பச்சைப் பிள்ளையைக் குளிர வைத்தார்கள்

நிறைமாதம்தான். ஆனால் மகன் பிறந்ததும் அழவில்லை. கொடி கழுத்தை இறுக்கியிருந்தது. முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பை அழுத்தி மூச்சை வரவழைத்தார்கள்; மூச்சு, இதயத்துடிப்பு, அசைவு எல்லாம் பார்த்துப் பத்துக்குப் போடும் அப்கார் மதிப்பெண் ஐந்தாவது நிமிடத்திலும் 4தான். "உடனே தஞ்சாவூர் கொண்டுபோங்க, 6 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பலன்" என்றார் டாக்டர். எதை ஆரம்பிப்பது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

108 வண்டி கொரடாச்சேரியைத் தாண்டியதும் என் நினைப்பெல்லாம் நீடாமங்கலம் ரயில்வே கேட்தான். திறந்திருந்தது. அங்கே காத்துக் கிடந்து பழகியவர்களுக்குத்தான் அந்த நிம்மதி புரியும்.

ஆரம்பித்தது குளிர்விக்கும் சிகிச்சை. உடம்புச் சூட்டை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைக்கிறார்கள். ஆக்சிஜன் கிடைக்காத மூளைச் செல்கள் எல்லாம் அப்போதே சாவதில்லையாம்; சில மணி நேரம் கழித்து இன்னொரு சுற்று சேதம் வரும், குளிர்ச்சி அதை மட்டுப்படுத்தும். எனக்கு விளங்கியது, அம்மாவுக்கு விளங்கவில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்றான அப்பாவின் வேட்டித் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "பச்சப்புள்ளய இப்படி வெறும் உடம்போட போட்டிருக்காங்களேடா" என்று வாசலிலேயே அழுதார். அவரைச் சொல்லி என்ன? அந்தப் பாதத்தைத் தொட்டபோது எனக்கே பக்கென்றது.

இடையில் சைக்கிள் மிதிப்பதுபோல் காலை ஆட்டினான். பார்க்க விளையாட்டு மாதிரிதான் இருக்கும், அது ஃபிட்ஸ், அதாவது வலிப்பு. அதற்கு பினோபார்பிட்டோன் மருந்து கொடுத்தார்கள். சூடேற்றுவதும் மெதுவாகத்தான், மணிக்கு அரை டிகிரிக்கு மேல் போகாமல். மூக்குக் குழாயில் போன தாய்ப்பாலை அப்புறம் சங்கில் புகட்டினோம். கடைவாயில் பாதி வழிந்தாலும், விழுங்கும் சத்தம் கேட்டது.

எம்.ஆர்.ஐ.யில் பெரிய சேதம் இல்லை. இருந்தும் டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை: "நடக்குற வரைக்கும் பாக்கணும்." கட்டை விரலை உள்ளே மடக்கியே வைத்திருக்கிறானா, கால் கத்தரிக்கோல்போல் பின்னுகிறதா, கழுத்து நிற்கிறதா என்று மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பார்க்கிறார்கள். பிசியோதெரபியும் அங்கேயே. காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை தனி. "ஆம்பளப்புள்ள எல்லாம் மெதுவாத்தான் செய்யும்" என்று சொல்லும் சொந்தக்காரர்களுக்குத் தலையாட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவோம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்கார், குளிர்விக்கத் தொடங்கிய நேரம், ஃபிட்ஸ் மருந்தின் அளவு எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.