புதிய ஏற்பாட்டு வரலாற்றுத் தாளுக்கு நான் படித்த விதம்

இரண்டாம் செமஸ்டர் இன்டர்னலில் யோவான் சுவிசேஷத்தின் காலமும் நம்பகத்தன்மையும் பற்றி ஒரு கேள்வி வந்தது. நாலு பக்கம் எழுதினேன். எகிப்தில் கிடைத்த பி52 என்ற பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு கி.பி. 125-ஐச் சேர்ந்தது, ஆகவே இந்தச் சுவிசேஷத்தை எழுதியது கண்ணால் கண்ட சாட்சிதான், ஆகவே அதில் உள்ளதெல்லாம் அப்படியே நடந்தது என்று ஒரே மூச்சில் முடித்திருந்தேன். 20-க்கு 8 வந்தது. விடைத்தாள் ஓரத்தில் ஆசிரியர் பென்சிலால் எழுதியிருந்தார்: "துண்டின் வயதா, நூலின் வயதா, நடந்த சம்பவமா? எதைப் பற்றிப் பேசுகிறாய்?"

மீதிப் படிப்பு முழுவதையும் அந்தப் பென்சில் வரியை வைத்துத்தான் படித்தேன். இறையியலோ கிறிஸ்தவ இயலோ படித்துக்கொண்டு, இந்தத் தாளை நினைத்தாலே பயப்படுகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

பி52 இப்போது மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 9 செ.மீ., அகலம் 6 செ.மீ.; உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு பக்கத்தில் யோவான் 18:31-33, மறுபக்கத்தில் 37, 38-ஆம் வசனங்களின் சில எழுத்துகள். பிலாத்துவுக்கு முன்னால் நடக்கிற விசாரணை. இரண்டு பக்கமும் தொடர்ச்சியாக எழுதியிருப்பதால், அது சுருள் அல்ல, நம் புத்தகம் போல மடித்துத் தைத்த கோடெக்ஸின் ஒரு கிழிசல் என்று தெரிகிறது. எழுத்தின் வடிவத்தைப் பார்த்து, 2-ஆம் நூற்றாண்டின் முற்பாதி என்று 1935-இல் சி. எச். ராபர்ட்ஸ் கணித்தார். கையெழுத்தை மட்டும் வைத்து அவ்வளவு நெருக்கமாகக் காலம் சொல்ல முடியாது, 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரைகூடப் போகலாம் என்கிறார்கள் பின்னால் வந்த சிலர்.

சரி, இதிலிருந்து என்ன எழுதலாம்? இந்தத் துண்டு பிரதியெடுக்கப்பட்ட நாளுக்கு முன்பே யோவான் எழுதப்பட்டு எகிப்துவரை போய்விட்டது என்று எழுதலாம். ஜெர்மனியின் டியூபிங்கனில் இருந்த இறையியலாளர் பவுர் 19-ஆம் நூற்றாண்டில் அந்தச் சுவிசேஷத்தை 2-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்குத் தள்ளியிருந்தார். ராபர்ட்ஸின் கணிப்பு சரியென்றால் அது நிற்காது என்றும் எழுதலாம். எழுதியவர் யார், எழுதியது நடந்ததா என்ற கேள்விகளுக்கு அந்தத் துண்டு வாயே திறக்காது. நான் மதிப்பெண் இழந்தது அங்கேதான்.

அடுத்து ஒத்தமை சுவிசேஷங்கள், அதாவது ஒன்றோடொன்று பெரிதும் ஒத்துப்போகும் மத்தேயு, மாற்கு, லூக்கா. "மாற்கு முதலில் எழுதப்பட்டது, மத்தேயுவும் லூக்காவும் அதைப் பயன்படுத்தினார்கள்" என்று மனப்பாடம் செய்யாத மாணவரே கிடையாது. ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டால் ஒரு வசனம்கூடக் காட்டத் தெரியாது. நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு மூன்று சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நகலெடுத்து ஒட்டி, ஒரே சொல் வரும் இடத்துக்கு ஒரு நிறம், மாறும் இடத்துக்கு வேறு நிறம் என்று கலர் பென்சிலால் கோடு போட்டேன். ஒரு லீவு முழுக்க அந்த வேலைதான்.

அப்படிப் போட்டபோது சிக்கியது யோவான்ஸ்நானகன் கொலை. மாற்கு 6:14-இல் "ஏரோதுராஜா" என்று தொடங்குகிறது, கடைசிவரை ராஜாதான். ஆனால் ஏரோது அந்திப்பா ராஜா அல்ல. ரோமர்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் அதற்குக் கீழானது. மத்தேயுவுக்கு அது தெரிந்திருக்கிறது. 14:1-இல் "காற்பங்கு தேசாதிபதியாகிய ஏரோது" என்று திருத்திப் போடுகிறார். ஆனால் எட்டு வசனம் தள்ளி 14:9-ஐப் பாருங்கள்: "ராஜா துக்கமடைந்தான்." கண்முன் இருந்த மூலத்தின் சொல் கை தவறி உள்ளே வந்துவிட்டது. தொடக்கத்தில் திருத்தி, போகப்போகத் திருத்த மறந்துவிடுவது பார்த்து எழுதுகிறவர்களுக்கு இயல்புதான். விடைத்தாளில் இந்த ஒரு இடத்தை எழுதினாலே போதும், நீங்கள் வசனத்தைத் திறந்து பார்த்தவர் என்று திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும். மாற்கின் சுமார் 660 வசனங்களில் 600 வரை ஏதோ ஒரு வடிவில் மத்தேயுவில் இருக்கின்றன என்ற எண்ணிக்கையை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

கியூ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கியூ என்ற நூலின் கையெழுத்துப்பிரதி எதுவும் கிடைத்ததில்லை. மாற்கில் இல்லாமல் மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் பொதுவாக இருக்கும் பகுதியை விளக்க அறிஞர்கள் ஊகித்த மூலம் அது. லூக்கா மத்தேயுவையே பார்த்து எழுதியிருந்தால் கியூ தேவையே இல்லை என்று ஆங்கில அறிஞர் ஃபேரர் 1955-இல் வாதிட்டார். அதை ஒரு பத்தியாவது சொல்லாத விடை பாதி விடைதான்.

பாப்பியாஸ் கேள்வி அடிக்கடி வரும். மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளர், கேட்டதை வரிசைப்படி இல்லாவிட்டாலும் கவனமாக எழுதினார் என்று 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாப்பியாஸ் என்ற ஆயர் சொன்னார். அவர் நூல் நம்மிடம் இல்லை. 4-ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய யூசிபியஸ் எடுத்துக்காட்டியதால்தான் இந்தச் செய்தி நமக்குக் கிடைக்கிறது. பாப்பியாஸும் இதை ஒரு மூப்பர் சொன்னதாகத்தான் சொல்கிறார். மூப்பர் சொல்லி, பாப்பியாஸ் எழுதி, யூசிபியஸ் எடுத்துக்காட்டி, அப்புறம் நாம். சங்கிலி இப்படி நீளமாக இருப்பதால் செய்தி பொய் என்று ஆகிவிடாது. ஆனால் சங்கிலியை மறைத்துவிட்டு "பாப்பியாஸ் சொல்கிறார்" என்று மட்டும் எழுதுவது நேர்மையில்லை.

புதிய ஏற்பாட்டுக்கு வெளியே உள்ள சாட்சிகளில் எனக்கு அதிக நாள் பிடித்தது யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ். கி.பி. 93, 94 வாக்கில் முடித்த யூதப் பழமைகள் நூலின் 18-ஆம் புத்தகத்தில் இயேசு பற்றி ஒரு பத்தி உண்டு. அதில் "இவரே கிறிஸ்து" என்று அப்பட்டமாக வருகிறது. கிறிஸ்தவராகாத ஒரு யூதர் அப்படி எழுதுவாரா? ஜோசஃபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று 3-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இந்தப் பத்தியை முதலில் எடுத்துக்காட்டுபவர் யூசிபியஸ். முழுப் பத்தியும் இடைச்செருகல் என்பார் உண்டு, முழுதும் உண்மை என்பாரும் உண்டு. ஜோசஃபஸ் எழுதிய சிறு குறிப்பில் கிறிஸ்தவப் பிரதியாளர்கள் சில வரிகளைச் சேர்த்துவிட்டார்கள் என்பதைத்தான் இன்று பலர் ஏற்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. 20-ஆம் புத்தகத்தில் "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு" என்று போகிற போக்கில் வரும் வரியைச் சந்தேகிப்பவர்கள் குறைவு. 'எனப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம்பிக்கையுள்ள பிரதியாளர் அப்படிச் சேர்த்திருக்க மாட்டார்.

கிறிஸ்தவர்களைப் பற்றிக் குறிப்பிடும் ரோம எழுத்தாளர்கள் டாசிட்டஸ், பிளினி இருவருக்கும் அரைப்பக்கம் போதும். இருவரும் 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர்கள். அந்தக் காலத்தைக் குறிப்பிடாமல் விடாதீர்கள்.

இனி வீட்டில் நடந்த ஒன்று. அந்த லீவில்தான் ஆச்சியின் பழைய வேதாகமத்தில் 1 யோவான் 5:7-ஐத் திறந்தேன். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்ற மூவர் பரலோகத்திலே சாட்சியிடுகிற வசனம். ஆச்சி அதற்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். இந்த வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை, லத்தீன் வழியாக வந்தது, 1516-இலும் 1519-இலும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்மஸ் இதைச் சேர்க்கவில்லை, 1522 பதிப்பில்தான் சேர்த்தார் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆச்சி கேட்டார்: "அப்போ இவ்வளவு காலம் நாங்க படிச்சது பொய்யா, மக்களே?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல ஆச்சி. குமாரன் பிதாவுக்குச் சமமில்லன்னு சொன்ன ஆரியுவோட நடந்த சண்டையில திரித்துவத்துக்காக வாதாடின கிரேக்கப் பிதாக்கள் யாரும் இந்த வசனத்தைக் காட்டல. அவங்க கையில இது இல்ல. இருந்தும் வாதாடினாங்க" என்றேன். ஆச்சி தலையசைத்தார். கோட்டை அழிக்கவில்லை. நானும் அழிக்கச் சொல்லவில்லை. இந்தப் பாடத்தைப் படிக்கிற எல்லோருக்கும் வீட்டிலோ சபையிலோ இப்படி ஒரு கேள்வி வரும். தேர்வுக்குத் தயாராவதைப் போலவே அதற்கும் தயாராக இருங்கள். கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

தேர்வு அறைக்கு வருவோம். "அறிஞர்கள் கூறுகின்றனர்" என்று எழுதாதீர்கள். பெயர் தெரிந்தால் பெயர் எழுதுங்கள், தெரியாவிட்டால் வாதத்தை எழுதுங்கள். பவுலின் நிருபங்களைப் பற்றி எழுதும்போது, பவுலே எழுதியதில் தகராறில்லாத ஏழு நிருபங்களையும் பெயர் சொல்லி எழுதிவிட்டு மற்றதுக்குப் போங்கள். எபிரெயர் நிருபத்தை எழுதியது யார் என்பது தேவனுக்குத்தான் தெரியும் என்று ஒரிகனே சொல்லிவிட்டார் என்பதையும் சேருங்கள். சந்தேகம் நம் காலத்துப் புதுமை அல்ல என்று அது காட்டும்.

கடைசி செமஸ்டரில் எனக்கு வந்த பெரிய கேள்வி லூக்கா நம்பத்தக்க வரலாற்றாசிரியரா என்பது. பென்சில் வரி நினைவில் இருந்தது. முதலில், இயேசு பிறந்தபோது நடந்ததாக லூக்கா 2-ஆம் அதிகாரம் சொல்லும் குடிமதிப்பை எடுத்தேன். சீரியாவில் சிரேனியு ஆளுநராக இருந்து நடத்திய குடிமதிப்பு கி.பி. 6 என்பது ஜோசஃபஸ் மூலம் தெரிகிறது. ஆனால் லூக்காவின் கதை பெரிய ஏரோதுவின் நாட்களில் தொடங்குகிறது; அவர் இறந்ததோ கி.மு. 4 என்பது பெரும்பாலோர் கணக்கு. நடுவில் ஏறக்குறைய பத்து வருடம். அதற்கு முன்பே வேறொரு குடிமதிப்பு நடந்தது என்பவர்களின் வாதத்தையும் எழுதி, எனக்கு அது ஏன் போதவில்லை, லூக்கா இங்கே காலத்தைக் குழப்பிவிட்டார் என்று ஏன் நினைக்கிறேன் என்றும் எழுதினேன். அடுத்து அப்போஸ்தலர் 17:6. தெசலோனிக்கேயில் நகர அதிகாரிகளுக்கு லூக்கா கொடுக்கும் பட்டம் 'பொலிதார்க்'. கிரேக்க இலக்கியத்தில் அரிதான அந்தச் சொல் அந்த ஊர்க் கல்வெட்டுகளிலேயே கிடைத்திருக்கிறது. 18:12-இல் வரும் ரோம ஆளுநர் கல்லியோனின் பெயர் டெல்பி கல்வெட்டில் இருக்கிறது. அதை வைத்துத்தான் பவுல் கொரிந்துவில் இருந்த காலத்தைக் கி.பி. 51 வாக்கில் நிறுத்துகிறார்கள். ஓரிடத்தில் தவறினார், இரண்டு இடத்தில் துல்லியம் என்று இடம் இடமாகத் தீர்ப்புச் சொல்லி முடித்தேன். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. வசன எண்களை மட்டும் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுத் தாளைக் கட்டிக் கொடுத்தேன்.