அப்பாவின் ஆஸ்பிரினும் முட்டிவலி மாத்திரையும்

மாரடைப்புக்குப் பிறகு அப்பா நாள்தோறும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்துக்கொள்கிறார். முட்டிவலி பொறுக்காமல் அவராகவே கடையில் இபுபுரூஃபென் வாங்கி இரண்டையும் ஒன்றாக விழுங்கிவந்ததை அறிந்த மருத்துவர் கடிந்துகொண்டார். இரண்டும் சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற ஒரே நொதியைத் தடுப்பவை. சேர்ந்தால் பலன் கூடத்தானே வேண்டும் என்று எண்ணிய நான், கல்லூரியில் மனப்பாடம் செய்து மறந்த நொதி இயக்கவியலை, அதாவது நொதிகள் வேலை செய்யும் வேகத்தைப் பற்றிய பாடத்தை, மறுபடி புரட்டினேன்.

1913இல் பெர்லினில் லியோனர் மைக்கேலிஸும் மாட் மென்டனும், ஈஸ்ட்டிலிருந்து கிடைக்கும் இன்வர்டேஸ் என்ற நொதி சர்க்கரையைப் பிளக்கும் வேகத்தை ஆராய்ந்தார்கள். சர்க்கரையைக் கூட்டக் கூட்ட வேகம் முதலில் விறுவிறுவென ஏறுகிறது. நொதிகள் அனைத்துக்கும் கை நிறைய வேலை வந்த பிறகு, எவ்வளவு கொட்டினாலும் ஓர் உச்ச வேகத்தைத் தாண்டுவதில்லை. அந்த உச்சத்தில் பாதி வேகத்தை எட்டத் தேவையான செறிவே மைக்கேலிஸ் மாறிலி.

இபுபுரூஃபென் ஒரு போட்டித் தடுப்பான். சைக்ளோஆக்சிஜனேஸ் மாற்றவேண்டிய மூலப்பொருளான அராகிடோனிக் அமிலம் வந்து அமரவேண்டிய இடத்தில் பேருந்து இருக்கையில் துண்டு போடுவதைப் போல அது இடம்பிடிக்கிறது. சற்று நேரத்தில் எழுந்தும் போய்விடுகிறது. அமிலம் போதிய அளவு மிகுந்தால் அதே உச்ச வேகத்தை எட்டிவிடலாம் என்பதால், மாறிலி மட்டுமே கூடியதாகத் தெரியும். ஆஸ்பிரினோ இருக்கையையே உடைத்துவிடும் ரகம். நொதியிலுள்ள செரின் என்ற ஓர் அமினோ அமிலத்தின்மீது அசிட்டைல் தொகுதியை ஒட்டிவிடுவதால், அந்த நொதி மீண்டும் அவ்வேலைக்கு ஆகாது. அராகிடோனிக் அமிலத்தை எவ்வளவு கூட்டினாலும் இழந்த உச்ச வேகம் திரும்பாது.

என்னை வியக்கவைத்தது அதன் பிறகு நடப்பதுதான். இரத்தத்தில் ஆஸ்பிரினின் அரை ஆயுள், அதாவது அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம், ஏறத்தாழ 20 நிமிடங்களே. ஆனாலும் அதன் விளைவு நாள்கணக்கில் நீடிக்கிறது. இரத்தத் தட்டணுக்களுக்கு உட்கரு இல்லாததால் புது நொதியைப் போதிய அளவு செய்துகொள்ள அவற்றால் இயலாது; 7 முதல் 10 நாள் வரையிலான தம் வாழ்நாள் முழுவதும், இந்த நொதியின் வழியே உருவாகி இரத்தம் உறையத் தூண்டும் திராம்பாக்சேனை ஆக்க முடியாமலே கழிக்கின்றன. சிறிய அளவு போதுமானதாக இருப்பதற்கும், அறுவை சிகிச்சைக்கு முன் சிலரிடம் ஒரு வாரம் நிறுத்தச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

இபுபுரூஃபென் முன்னதாகவே இடம்பிடித்திருந்தால், ஆஸ்பிரினால் அந்தச் செரினை அணுக முடியாது. சில மணி நேரத்தில் இபுபுரூஃபென் விலகி இடம் காலியாகும்போது, ஆஸ்பிரின் இரத்தத்திலிருந்து எப்போதோ மறைந்திருக்கும். அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல், சாதாரண ஆஸ்பிரினை விழுங்கி 30 நிமிடமாவது கழித்தோ, அதற்கு 8 மணி நேரத்துக்கும் முன்பாகவோ இபுபுரூஃபெனை எடுக்கும்படி அறிவுறுத்தியது. அப்பாவின் மருத்துவர் இந்தக் கணக்குக்கே இடம் வைக்கவில்லை. இதயத்துக்கும் வயிற்றுக்கும் கேடு என்று இபுபுரூஃபெனை அடியோடு நிறுத்திவிட்டு, முட்டிக்குப் பாராசிட்டமால் எழுதிக்கொடுத்தார். அது வலிக்குப் போதவில்லை என்று அப்பா இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.