பர்கர் விற்ற மின்சார ரயில்

நேத்து ராத்திரி தூக்கம் வராம பழைய ரயில் படங்களைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். அமெரிக்காவுல சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் நடுவுல ஓடின 'நார்த் ஷோர் லைன்'ங்கிற மின்சார ரயில் கிட்ட மாட்டிக்கிட்டேன்.

1941-ல வந்த 'எலக்ட்ரோலைனர்' பெட்டிகளைப் பாருங்க. மில்வாக்கியில நடுத்தெருவுல, கார்களுக்கு வழிவிட்டு டிராம் மாதிரி ஊர்ந்து போகும். ஊர் எல்லை தாண்டினா மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல. அப்புறம் சிகாகோவுல நம்ம பறக்கும் ரயில் மாதிரி தூண் மேல ஏறி, கட்டடங்களுக்கு இடையில வளைஞ்சு நெளிஞ்சு போகும். மூணும் ஒரே வண்டி! உள்ளே உட்கார்ந்து குடிக்க ஒரு இடம், சாப்பிட 'எலக்ட்ரோபர்கர்'. பேரு வெச்சவன் ரசிகன்யா.

1916-ல இந்த நார்த் ஷோர் லைனைக் கையில எடுத்தவர் சாமுவேல் இன்சல், சிகாகோவோட மின்சாரப் பெருமுதலாளி. கரண்டும் அவருது, ரயிலும் அவருது. 1932-ல அவர் சாம்ராஜ்யமே சரிஞ்சது, ரயிலும் திவால். போர்க்கால பெட்ரோல் ரேஷன் கொஞ்ச நாள் உயிர் கொடுத்தது. பிறகு எல்லார் வீட்டுலயும் கார். 1951-ல பக்கத்துலயே ஈடன்ஸ் விரைவுச்சாலை திறந்தாங்க. தனியார் கம்பெனி சொந்தக் காசுல தண்டவாளம் பராமரிக்கணும், போட்டிக்கு அரசாங்கமே ரோடு போட்டுத் தரும். எப்படி ஜெயிக்கிறது?

1963 ஜனவரி 21 அதிகாலையோட எல்லாம் முடிஞ்சது.

கூத்து என்னன்னா, அடுத்த வருஷமே அதே தடத்துல ஒரு துண்டை மட்டும் எடுத்து 'ஸ்கோக்கி ஸ்விஃப்ட்'னு சிகாகோ போக்குவரத்து ஆணையம் ஓட்ட ஆரம்பிச்சது. இன்னைக்கும் ஓடுது. பர்கர்தான் இல்ல.